ஒன்று ஐம்பது பஸ்

என் வலது கை மணிக்கட்டுக்கு மேலே ஒரு பல் தடம் இருக்கிறது. சின்னது. வளையலை இறக்கிவிட்டால் தெரியாது. ஒருமுறை தளி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "நாய் கடிச்சுதுங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, மூணாங்கிளாஸ்" என்றேன். அதற்கு மேல் அவர் என்னிடம் பேசவில்லை.

கடிபடுகிற மாதிரி நடந்துகொண்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் அந்தப் பெண்ணைக் குறை சொல்லக் கூடாது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். தர்மபுரிப் பக்கம் என் பிறந்த வீட்டிலேயே "இவ வாயத் தொறந்தா தெருவே காலி" என்பார்கள். மாற்றலாகி ஓசூர் வந்து, ஜூஜுவாடிக்குப் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொண்டபோது அந்தக் கோபத்தையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் வந்தேன். என் வகுப்பில் குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும். நல்ல டீச்சருக்கு அதுதான் அடையாளம் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெண்ணின் குடும்பம் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அம்மா ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறார். லைன் வீட்டில் ஒற்றை அறை. அடுத்த அறையில் துணி வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் குடும்பம். அம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரங்களில் அந்த வீட்டு அக்காதான் பெண்ணுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டார். இவ்வளவும் எனக்கு ஜூன் மாதமே தெரியும். சேர்க்கை விண்ணப்பத்தில் இருப்பதைப் படித்துவிட்டால் பிள்ளையையே படித்துவிட்டதாக நினைத்த காலம் அது.

ஒரு வாரம் அவள் தங்கம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பக்கத்துப் பிள்ளைக்குப் பென்சில் சீவித் தருவாள். அடுத்த வாரம் அதே பெண்ணா என்று இருக்கும். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். "உக்காருடி" என்றால் உட்காரமாட்டாள். யாராவது அவள் பையைத் தொட்டால் பிறாண்டிவிடுவாள். எல்லாவற்றுக்கும் மேலே, மதியம் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கை தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

"டீச்சர், ஒண்ணுக்கு."

மதியச் சாப்பாடு முடிந்து ஒன்றரைக்கு வகுப்பு தொடங்கும். முதல் வேலை வாய்ப்பாடு ஒப்பிப்பது. இருபதாவது நிமிடம் இவளுக்கு வந்துவிடும். ஒரு நாள் விட்டேன், இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் எனக்குப் புரிந்துவிட்டது, அதாவது புரிந்ததாக நினைத்தேன். ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் பயந்து ஓடுகிறது கழுதை!

"ஏன்டி, ஒனக்கு மட்டும் தெனமும் மணியடிச்ச மாதிரி வருதா? உக்காரு. ஏழெட்டு எவ்வளவு, சொல்லிட்டுப் போ."

"டீச்சர், ப்ளீஸ் டீச்சர்."

"ஏழெட்டு எவ்வளவு?"

அவள் கதவைப் பார்த்து ஓடினாள். நான் குறுக்கே போய்க் கையை நீட்டி மறித்தேன். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் கேட்டதும்தான் கடித்தாள். அப்படி ஒரு கடி. பல்லை எடுக்கவே மாட்டேன் என்கிறாள். எடுத்த பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள் பாருங்கள், கடிபட்ட நான் அழவில்லை, அவள்தான் ஏதோ பறிபோனதுபோல் அழுதாள். ரத்தம் வந்த கையைக் குழாயில் கழுவிக்கொண்டே, "நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிட்டு வராம உள்ள கால் வெக்காதே" என்று கத்தினேன்.

மறுநாள் காலையில் அம்மா வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கண்ணில் தூக்கம். தலைமையாசிரியை அறையில் நான் வழக்குரைத்தேன். பிறாண்டுவது, பின்னால் சுற்றுவது, கடைசியில் கடித்தது. "அதுவும் தெனமும் ஒண்ணம்பதுக்குக் கரெக்டா எந்திரிச்சு ஓடுறாம்மா, வாய்ப்பாட்டுக்குப் பயந்துகிட்டு" என்று முடித்தேன்.

அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "அது நாஞ் சொல்லிக் குடுத்தது டீச்சர்" என்றார்.

"என்னம்மா சொல்லிக் குடுத்தே?"

"எனக்கு ஒரு வாரம் ஏ ஷிப்டு, விடியக்காலம் போயி மதியம் வந்துருவேன். ஒரு வாரம் பி ஷிப்டு, மதியம் போகணும். பி ஷிப்டுன்னா வீடு வந்து சேர பதினொண்ணு ஆயிரும், அவ தூங்கிருப்பா. ஸ்கூல் விட்டு வந்தா வீடு பூட்டிக் கெடக்கும். அம்மா வேலைக்குத்தான் போயிருக்கா, ஓடிப் போகலன்னு எப்பிடி நம்புறதுன்னு ஒருநா கேட்டுப்புட்டா. கம்பெனி பஸ் உங்க ஸ்கூல் வழியாத்தான் போகும். நான் இடது பக்கம் ஜன்னல்ல உக்காந்து கையத் தூக்குறேன், நீ தண்ணி டேங்க் திட்டுல ஏறி நின்னு பாரு, பாத்துட்டா நான் வந்துருவேன்னு அர்த்தம்னு சொன்னேன். உள்ள போனா போனை லாக்கர்ல வச்சுருவாங்க. அவ நிக்கிறத ஒருவாட்டி பாத்துட்டுப் போனா எனக்கும் எட்டு மணி நேரம் ஓடும்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பலகையில் எழுதிப்போட்டு எத்தனை வருடம் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லியிருப்பேன்!

அதற்குப் பின் அவர் சொன்னதுதான் இடி. "இனிமே இந்தப் பிரச்சினை வராது டீச்சர். அரைப்பரீட்சை லீவுல எங்கண்ணன் வந்து இவளக் கூட்டிட்டுப் போயிரும். ஊருல ஹாஸ்டலோட ஒரு ஸ்கூல் இருக்கு. டீச்சரையே கடிக்கிற பிள்ளைய நான் ஒத்தையில வச்சு வளக்க முடியாது. நானும் ஹாஸ்டல்ல வளந்தவதான், செத்தா போயிட்டேன்?"

நான் பேசியதால்தான் அந்த முடிவு. எட்டு வயதுப் பெண்ணை அம்மாவிடமிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி வைக்கப் போகிறார்கள், அதுவும் என் வாயால். அந்த அம்மா போனபிறகு தலைமையாசிரியை, "விடும்மா, அவங்க பிள்ளை, அவங்க முடிவு" என்றார். அவர் இந்த ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு. எதற்கும் பதறமாட்டார். எனக்கு அந்த விட்டேற்றித்தனம் வராது. இந்தப் பிள்ளையை அனுப்ப விடமாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். என்னிடம் இருந்தது ஏழு வாரம்.

முதலில் அன்று மாலை வருகைப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். இவள்மேல் நான் எழுதி வைத்திருந்த புகார்களையெல்லாம் தேதி பார்த்து அடுக்கினால், ஒன்றுவிட்டு ஒரு வாரம். அச்சுப் பிசகவில்லை. மறுநாள் வகுப்பில் எல்லாரிடமும் கேட்டேன், "உங்க அம்மா அப்பா இந்த வாரம் என்ன ஷிப்டு?" அட, ஏழாம் வாய்ப்பாடு தடுமாறுகிறவனும் இதைத் தடுமாறாமல் சொல்கிறான்! "எங்கப்பா சி, எங்கம்மா ஜெனரல்." "எங்கப்பா ஏ டீச்சர், வெள்ளிக்கெழமையோட பி ஆயிடும்." யாருக்கு என்ன ஷிப்ட் என்று ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் எழுதிக்கொண்டேன். இன்றும் திங்கட்கிழமை காலையில் என் முதல் வேலை அதுதான். ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர் இது என்ன புது கிரேடு என்று கேட்டார். "பசங்களுக்கு இல்லைங்க சார், வீட்டுக்கு" என்றேன்.

பிறகு தலைமையாசிரியையிடம் போய், தண்ணீர் குடிக்க அடிக்கும் மதிய மணியை இரண்டேகாலிலிருந்து ஒன்று ஐம்பதுக்கு மாற்றித் தரச் சொன்னேன். பள்ளி முழுக்கத் தண்ணீர் குடிக்கட்டும். என் வகுப்பு மட்டும் டேங்க் பக்கம் வந்து குடிக்கும்.

"இது ஸ்கூலா பஸ் ஸ்டாண்டாம்மா?" என்று சிரித்தார். ஆனாலும் மாற்றிக் கொடுத்தார்.

முதல் நாள் அவள் நம்பவில்லை. மணி அடித்தும் பெஞ்சை விட்டு எழவே இல்லை. கடித்த இடத்தில் நான் சுற்றியிருந்த துணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் குனிந்து, "வாடி, பஸ் போயிடும்" என்றேன். ஒரு நிமிடம் என் முகத்தைப் படித்தாள். பிறகு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். டேங்க் திட்டில் ஏறினால் சுற்றுச்சுவருக்கு மேலே ரோடு தெரியும். பஸ் வந்தது. "வந்துருச்சு" என்றாள் இவள். "பந்த்து, பந்த்து" என்றது ஒரு கன்னட வீட்டுக் குரல். "வச்சிந்தி" என்றது ஒரு தெலுங்கு வீட்டுக் குரல். எந்த பஸ்ஸில் யார் அம்மா, யார் அப்பா என்று யாருக்குத் தெரியும், எல்லாப் பிள்ளைகளும் எல்லா பஸ்ஸுக்கும் கையாட்டினார்கள். வகுப்புக்குத் திரும்பிவந்து இவள் கேட்காமலேயே எழுந்து நின்று சொன்னாள், "ஏழெட்டு அம்பத்தாறு."

தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்திருக்கிறது, ராங்கி! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆசிரியர் பயிற்சிகளில் பிள்ளைகளின் மனவளர்ச்சி, பாதுகாப்பு உணர்வு, பிணைப்பு என்று திரையில் போட்டுக் காட்டுவார்கள். நான் போண்டா எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது என்னைக் கேட்டால் நானே வகுப்பெடுப்பேன். முந்தானையைப் பிடிக்கிற பிள்ளையை உதறினால் பிடி இறுகும். பிடிக்க விட்டால் தானாக விட்டுவிட்டு விளையாடப் போகும். செல்லம் கொடுத்தால் கெட்டுவிடும் என்பவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். அடியாத மாடு படியாது என்று ஒரு சக ஆசிரியர் சொன்னபோது, "என் கிளாஸ்ல மாடு இல்லைங்க சார், பசங்கதான் இருக்காங்க" என்றேன். நான் விடுப்பு எடுப்பதாக இருந்தால் முந்தின நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். என்றைக்குத் திரும்பி வருவேன் என்பதையும் சொல்வேன். சொன்ன நாளில் காய்ச்சல் அடித்தாலும் வந்து நிற்பேன்.

அப்படி முதல்முறை சொன்னபோது இவள் முகம் சுருங்கிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அவள் கையில் கொடுத்தேன். பழைய பச்சைக் கூடு, மூடி சரியாக மூடாது. "இது இல்லாம எனக்கு ஆவாது. வந்து ஒங்கிட்டதான் வாங்கிக்கணும், பத்திரம்" என்றேன். மறுநாள் நான் கேட்டைத் தாண்டுவதற்குள் கூடு என் கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பி ஷிப்ட் வாரங்களில் அது அவளிடம்தான் இருக்கும். பிறாண்டல் நின்றது. கடி நின்றது. என் முந்தானையும் கசங்காமல் வீடு வந்தது.

பெண் மாறினாள், அம்மாவின் முடிவு மாறவில்லை. நவம்பரில் ஓர் ஏ ஷிப்ட் வாரம், மாலையில் அவர்கள் வீட்டுக்கே போனேன். பெண் பக்கத்து வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். "நல்லாருக்கும்போதே அனுப்பிட்டா நல்லதுதானே டீச்சர்" என்றார். யாரிடமும் சொல்லாத ஒன்றை அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து சொன்னேன்.

எனக்கு முதல் வேலை தளிக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில். குளிர், பஸ் இரண்டுதான். இரண்டு வயது மகளைத் தர்மபுரியில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். நாத்தனார் தங்கமானவர், குறையில்லை. ஆனால் ஒரு விடுமுறைக்குப் போய்க் கதவைத் தட்டினால், என் மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "அத்தே, டீச்சர் வந்திருக்காங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவளுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. பாசமாகத்தான் இருக்கிறாள். ஆனால் காய்ச்சல் வந்தால் இன்றும் அத்தைக்குத்தான் முதல் போன்.

"அவ ஒண்ணும் செத்துப் போவல. நீ கேட்ட மாதிரிதான்" என்றேன். "ஆனா எனக்கு வலிக்குதும்மா. இத்தன வருசம் கழிச்சும் வலிக்குது."

அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். டீ போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது, "ஒண்ணே ஒண்ணு செய். ஒரு நாள் ஒண்ணம்பதுக்கு அந்தத் திட்டுல வந்து உம் பொண்ணு நிக்கிற எடத்துல நின்னு பாரு. அப்பறம் அனுப்பு, நான் கேக்கமாட்டேன்" என்றேன்.

"பி ஷிப்டுல பர்மிஷனெல்லாம் குடுக்க மாட்டாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டார்.

டிசம்பர் வந்தது. அரையாண்டுத் தேர்வின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, பி ஷிப்ட் வாரம். மாமா ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், அவளே சொன்னாள். ஹாஸ்டலில் மாடி இருக்கிறதாம், அதையும் சொன்னாள். காலையில் கண்ணாடிக் கூட்டை அவளிடம் கொடுத்து, "லீவு முடிஞ்சு நீதான் எனக்குத் தரணும்" என்றேன். அவள் கூட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"நான் வரமாட்டேனே டீச்சர்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. குடுத்தது குடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியம் ஒன்றேமுக்காலுக்குக் கேட்டைத் திறந்துகொண்டு அவள் அம்மா வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். மாற்றுச் சான்றிதழ் வாங்கத்தான் வந்திருக்கிறார், வேறு எதற்கு? "ஹெச்.எம். உள்ளதான் இருக்காங்க" என்றேன், குரல் கடுகடுவென்றுதான் வந்தது.

"அங்க போகல டீச்சர். ரெண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன், குடுத்துட்டாங்க. எடம் எங்க, காட்டுங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் பாட்டில்களோடு ஓடினார்கள். அம்மாவைக் கண்டதும் இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸில் இருக்கவேண்டிய அம்மா பக்கத்தில் நின்றால் எதைப் பார்ப்பது? ஆனாலும் பழக்கம், அம்மா கையைப் பிடித்து இழுத்துத் திட்டில் ஏற்றினாள். "இங்க நிக்கணும். செவுத்தப் புடிச்சுக்க. மரம் தாண்டுனதும் தெரியும்" என்று சொல்லிக் கொடுத்தாள்.

பஸ் வந்தது. மரத்தைத் தாண்டியது, மூன்று ஜன்னல், நான்கு ஜன்னல், அவ்வளவுதான், அடுத்த கட்டடம் மறைத்துவிட்டது. அம்மா வழக்கமாக உட்காரும் ஜன்னலில் கூட வேலை பார்க்கும் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது, அந்தக் கை வெளியே வந்து ஆடியது. இவளும் கையாட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்து ரோடு காலியாகிவிட்டது.

"இம்புட்டுதானா?" என்றார் அந்த அம்மா. "இம்புட்டுதான் தெரியுமா பாப்பா?"

"ஆமா. மொகம் தெரியாது, கை மட்டுந்தான்" என்றாள் இவள். "நேத்து வளையல்கூடத் தெரிஞ்சுச்சும்மா."

அந்த அம்மா திட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டார், முடியவில்லை. இவள் அம்மா தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். நான் மற்ற பிள்ளைகளை அதட்டி வகுப்புக்குள் விரட்டினேன். அந்த அதட்டலில் உயிரே இல்லை. ஒருத்தரும் பயப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம வர வேணாம். இல்லண்ணே, அவளுக்கு ஒண்ணுமில்ல. அவ நல்லாத்தான் இருக்கா. நாந்தான்... வேணாம்ண்ணே, அவ எங்கூடவே இருக்கட்டும்."

பிளாஸ்டிக் கவரில் இருந்தது பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த கடலை மிட்டாய். வகுப்பில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து ஷிப்டுக்கு ஓடினார்.

ஜனவரியில் பள்ளி திறந்த அன்று கேட்டருகே வரும்போதே பார்த்தேன். பச்சைக் கூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே, அவள் நின்றுகொண்டிருந்தாள்.